காசு மூழ்கவில்லை

திங்கள், காலை 9.10. ஆய்வகத் தட்டின் பன்னிரண்டு குழிகளிலும் சாயம் ஒட்டவே இல்லை. உயிரணுக்கள் எலும்பாக மாறியிருந்தால் செக்கச்செவேலென்று இருந்திருக்கும். மூன்று வார உழைப்பு வெளுத்துப்போய்க் கிடந்தது.

9.25. இயக்குநரின் அறை. சீனியர் விஞ்ஞானி தானே எழுதிய ஒரு கடிதத்தை ஆய்வக உதவியாளரின் பக்கம் தள்ளினார். அவளுக்கு ஆய்வகமே வைத்த பெயர் ‘கறார்’. பெயர் ஒட்டாத குப்பியைக் குப்பையில் வீசுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

“எலும்பு வளர்ச்சிப் புரதம் வந்த அன்னிக்கு ஃப்ரீசர் கதவ மூடாமலே போயிட்டீங்க. மறுநாள் காலையில நான்தான் மூடுனேன். புரதம் அப்பவே கெட்டிருக்கு. கையெழுத்து போடுங்க, விஷயம் இதோட முடிஞ்சிரும்,” என்றார் சீனியர்.

முடியப்போவது அவள் வேலைதான். இந்தக் கடிதத்தோடு போனால் எந்த ஆய்வகமும் வாசலில்கூட நிற்கவிடாது.

“போட மாட்டேன்,” என்றாள் கறார். பேனாவைத் தொடவே இல்லை. “மேடம், அரை மணி நேரம் குடுங்க. கெடுத்தது யாருன்னு நானே சொல்றேன்.”

சீனியர் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. “சரி, போங்க,” என்றார்.

9.40. ஃப்ரீசருக்குள், புரதம் வந்த அன்று மாலை அவளே வைத்த ஐஸ் கோப்பை. அதன்மேல் ஒரு காசு. வெளியே அலமாரியில் புரதம் வந்த டப்பா. அதற்குள் மடித்து வைத்த குறிப்புத்தாள், மூடியில் நீல முத்திரை வளையம் இறுகிய சின்ன அமிலப் புட்டி. தாளை இரண்டு முறை படித்தாள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நடந்தாள்.

10.00.

“காசு ஐஸ் மேலயே இருக்கு பாருங்க மேடம். ராத்திரி முழுக்க கதவு திறந்திருந்தா ஐஸ் உருகி, காசு அடிக்குப் போயிருக்கும்.”

“அப்ப கம்பெனிக்காரன் கெட்ட சரக்க அனுப்பிட்டான்,” என்றார் சீனியர்.

“கரைச்சது நீங்கதானே சார்? எதுல?”

“டப்பாவோட வந்த அமிலத்துலதான். எனக்கே பாடம் நடத்துறீங்களா?”

அவள் புட்டியை மேசையில் வைத்தாள். நீல வளையம் உடையவில்லை.

“இத திறக்காம எப்படி ஊத்துனீங்க?”

கறார் தாளை விரித்தாள்.

“உப்புக் கரைசல்ல போட்டா இது கட்டிதட்டிப் போகும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மத்த புரதமெல்லாம் நீங்க அதுலதான் கரைப்பீங்க. கைப்பழக்கம். அந்தத் தப்பு யாருக்கும் வரும், அதுக்கு நான் சண்டைக்கு வரல. ஆனா இது?” கடிதத்தின் மேல் மூலையில் விரலை வைத்தாள். “சாயம் போட்டது இன்னிக்குக் காலையில. கடிதத்துல வெள்ளிக்கிழமை தேதி. கெட்டுப்போச்சுன்னு மூணு நாள் முன்னாடியே எப்படி சார் தெரிஞ்சுது?”

சீனியர் மென்று விழுங்கினார். “வெள்ளிக்கிழமைதான்... அந்தத் தாளப் படிச்சேன்.”

கறார் கடிதத்தை இயக்குநரின் முன்னால் தள்ளினாள்.

இயக்குநர் கடிதத்தை சீனியர் பக்கம் திருப்பினார். “பொய்யான வரியெல்லாம் கோடு போட்டு அடிச்சிட்டு, நடந்தத எழுதி நீங்க கையெழுத்து போடுங்க.”

அவர் ஒவ்வொரு வரியாக அடித்தார். பேனா மேல் மூலைக்குப் போனது.

“தேதிய அடிக்காதீங்க சார்,” என்றாள் கறார். “இதுல அது ஒண்ணுதான் உண்மை.”