கறுப்பு இஞ்சினில் ஒரு மஞ்சள் புள்ளி

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரம். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காலை 9.10. சிவராமின் பொம்மை ரயில் முதல் ஓட்டத்துக்கு முன்பே செத்துப்போனது.

பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும்; மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கான பெட்டி: வட்டத் தண்டவாளம், கறுப்பு இஞ்சின், மூன்று ரயில் பெட்டிகள். இருபது வருடம் டிராம் ஓட்டியவரைக் கண் மங்குகிறது என்று நிறுத்திவிட்டார்கள். கோடைக்குள் பார்வை முழுதாகப் போய்விடும் என்றார் டாக்டர். அதற்குள் தன் கையால் ஒரு ரயிலை ஓட்டி, அது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும். மனிதர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

9.40. மேல்மாடியில் குடியிருக்கும் பொலிஸ் அதிகாரி சுகன்யாதேவி வந்தாள். இஞ்சினை வாங்கிப் பார்த்தாள். கருகிய வாடை, கூடவே லேசான புளிப்பு. சக்கரங்கள் பிசுபிசுத்தன. முகப்பில் மஞ்சளாய் ஒரு புள்ளி.

“எப்ப பெட்டியைத் திறந்தனீங்கள், அண்ணை?”

“நேற்றுப் பின்னேரம். தண்டவாளத்திலை வைச்சிட்டுப் படுத்தன். இண்டைக்குக் கரண்ட் குடுக்கப் புகைஞ்சுது.”

“இஞ்சினை வடிவாப் பாத்தனீங்களோ?”

“அரை மணித்தியாலமாத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். வந்த மாதிரியேதான் இருக்கு. இது கவிஷன்ரை வேலை.”

கவிஷன் வாடகைக்கு இருந்தவன். ரயிலுக்காக அறையை விடச் சொன்னதில் அவனுக்கு மனக்கசப்பு. போனில் பிடித்தாள்.

“வியாழக்கிழமையே கொலோனுக்கு வந்திட்டன், அக்கா. அறைத் திறப்பையும் குடுத்திட்டன்.”

10.05. சமையலறையில் சிவராமின் மனைவி கமலநாயகி.

“அக்கா, நீங்கள் கார் எடுத்த அண்டைக்குச் சில்லுக்குக் கீழை என்ன வைச்சனீங்கள்?”

“தேசிக்காய்.” புது வண்டிச் சக்கரத்தில் நசுக்கும் எலுமிச்சை.

“இந்தச் சில்லுக்கும் வைச்சனீங்களோ?”

கமலநாயகி தலையைக் குனிந்தாள். “புது வாகனமெல்லே, தங்கச்சி. அவர் படுத்தாப்பிறகு சின்னத் துண்டுதான், சில்லாலை நசிச்சிட்டு எடுத்திட்டன். பொட்டும் வைச்சு, அவரின்ரை கண்ணைக் காப்பாத்தச் சொல்லிக் கும்பிட்டன்.”

பாவம், நல்லது நினைத்துத்தான் செய்தாள்.

10.15. சுகன்யாதேவி சிவராமிடம் சொன்னாள்: “கவிஷன் இல்லை, அண்ணை. அக்கா சில்லுக்குத் தேசிக்காய் வைச்சிருக்கிறா. சாறு இரவிலை சில்லு வழியா உள்ளுக்குப் போய், கரண்ட் வந்தவுடனை கருகிப்போச்சு. திருத்த ஏலாது. கடையிலை கேட்டன், புது இஞ்சின் ஒக்டோபரிலைதான் வருமாம்.”

சிவராம் மனைவியின் பக்கம் திரும்பினார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“ஒளிக்கேல்லையப்பா. சந்தனப் பொட்டை அழிக்காமல்தானே விட்டனான். நீங்கள் கண்டிருப்பியள் எண்டு நினைச்சன்.”

9.40 மணிக்கே சுகன்யாதேவிக்குத் தெரிந்துவிட்ட விஷயம் அது. சொல்ல மனம் வரவில்லை. கறுப்பு இஞ்சினின் நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது.

சிவராமின் பெருவிரல் இஞ்சினைத் தடவித் தேடியது.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.