பதினேழாம் வீட்டின் ஜன்னலோரக் கல்

“நில்லுங்க... அடுத்த கால எடுத்து வைக்காதீங்க.”

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. மழையில் ஊறிய செருப்பு, கையில் சொட்டுச் சொட்டாக வடியும் குடை. அதற்கு மேலே இரண்டு கண்கள்... மழையை வாசலில் விட்டுவிட்டு அதன் ஈரத்தை மட்டும் உள்ளே கூட்டிவந்த கண்கள்.

மூலையில் முழங்காலிட்டிருந்த டைல்ஸ் மேஸ்திரி அந்தக் கண்களை அப்புறம்தான் பார்த்தான். முதலில் பார்த்தது தரையை. காலையிலிருந்து முதுகு ஒடிய ஒட்டிய தரை. கலவை இன்னும் இறுகவில்லை. வாசலிலிருந்து நாலு கல் அமுங்கிப் போயிருந்தன.

“என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு என்னையே நில்லுங்கறீங்க?”

“உங்க வீடு பக்கத்துல மேடம். அது பதினேழு, இது பதினெட்டு.”

அவள் சுற்றிப் பார்த்தாள். இடப்பக்கம் மாடிப்படி, நேரே ஜன்னல், அதே சாம்பல் நிறக் கதவு. எல்லாம் அவள் வீடுதான். சோபா மட்டும் இல்லை. கன்னம் மெல்லச் சிவந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கடைசி பஸ் ஸ்டாப்பில் இறங்கி கால் மணி நேரம் நடந்தால் வருகிற புதுக் குடியிருப்பு அது. நாற்பது வீடும் ஒரே அச்சு. நம்பர் பலகை இன்னும் மாட்டவில்லை. தெருவோரம் குச்சியில் கட்டிவைத்த செடிகள்கூட ஒரே உயரம். போன வாரம் ஒருவர், வேலை முடிந்த களைப்பில் அடுத்த வீட்டுக் குளியலறையில் முகம் கழுவி, துடைத்துக்கொண்ட பிறகுதான் துண்டு வேறு நிறம் என்று கண்டுபிடித்தார்.

எங்கே வேலை என்று கேட்டான் மேஸ்திரி. டவுனில் கண்ணாடிக்கடையில், வருகிறவர்களுக்குக் கண் சோதிக்கிற வேலை என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஊர்க் கண்ணயெல்லாம் பாத்துட்டு, உங்க கண்ண வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க போல.”

“வீட்டுல விட்டிருந்தா வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்குமே.”

அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

அவள் நின்ற இடத்துக்கும் வாசலுக்கும் இடையே ஒரு பலகையைப் போட்டான். சேற்றுச் செருப்பு வழுக்கியது. கை கொடுக்கலாம்தான்... கை முழுக்க சிமெண்ட். பக்கத்தில் கிடந்த, தரையின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து நீட்டினான். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், மறுமுனை அவனிடம். நடுவே இருந்த கண்ணாடிக் குழாயில் குமிழி அங்கும் இங்கும் ஓடியது. பதினைந்து வருடமாக அந்தக் குமிழியை நடுவில் நிறுத்தியே பழகியவன். அன்றைக்கு அது நிற்கவே இல்லை.

அவள் போன பிறகு அமுங்கிய நாலு கல்லையும் பெயர்த்து, கழுவி, மறுபடி ஒட்டினான். திட்டிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. திட்டு வரவில்லை.

*

கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயரே ‘ரசமட்டம்’தான். கல்லை ஒட்டியதும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பான். கலவை முழுசாகப் பிடித்திருந்தால் சத்தம் கனமாக வரும். அடியில் காற்று நின்றிருந்தால் ‘டொக்’கென்று வெறும் டப்பாவைத் தட்டின மாதிரி வரும். அப்படி ஒரு கல்லை விட்டுவிட்டு அவன் எந்த வீட்டையும் விட்டுப் போனதில்லை. கூலிக்காரனுக்கு இவ்வளவு ராங்கியா என்று கேட்டவர்கள் உண்டு.

நாற்பது வீட்டுக்கும் தரை போட்டவன் குடியிருந்தது தெருக்கோடித் தகரக் கொட்டகையில். ஒட்டி முடித்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலை ஏதும் இல்லாமல், சும்மா ஒருமுறை நடந்து பார்க்க அவனுக்கு வாய்த்ததே இல்லை. தரை காயும்போது சாவி வேறு கைக்குப் போய்விடும்.

மழை விடவில்லை. அவளுடைய ஆறு பத்து பஸ் வரும்வரை கலவைக் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தான். கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினான். தெருமுனையில் அந்தக் குடை திரும்பும். பதினெட்டின் வாசலில் ஒரு நொடி நிற்கும்.

“இன்னைக்கு இது யார் வீடு?” என்பாள்.

“இன்னைக்கும் பக்கத்து வீடுதான்” என்பான்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வரிக்காக ஒரு பகல் முழுவதும் காத்திருக்க முடியும் என்பது அவனுக்கே புதிதாக இருந்தது...

ஒருநாள் மட்டும் கூடுதலாகப் பேசினாள். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாளாம், இருட்டும்போது திரும்புகிறாளாம். ஜன்னலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றே தெரியாதாம். “ஞாயித்துக்கிழமைக்குன்னு ஒரு வீடு வாங்கியிருக்கோம்” என்று சிரித்தாள். சிரிப்புக்குள் கொஞ்சம் அலுப்பு இருந்தது. மாடி அறையில் மூன்று மணி வெயில் எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

பதினேழில் அப்பாவும் மகளும்தான். அம்மா போய்ச் சில வருடங்கள். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வாடகை வீடு பார்த்த மனிதர். பழைய வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் மாடி அறைக்குத் தரை போடும் முன்பே குடிவந்துவிட்டார்கள். அந்த அறை மகளுக்கு. அடுத்த வாரம் மேஸ்திரி அங்கே போனான்.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் படியில் உட்கார்ந்து, அவன் கண்ணைச் சுருக்கிக் கோடு பார்ப்பதைப் பார்த்தபடி, கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும், ஒருநாள் கடைக்கு வாருங்கள் என்றாள். எழுத்துப் படிக்கத் தெரியணுமே என்றான். கொஞ்சம் படிப்பானாம், இருபத்தைந்து வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றதாம், விரல் வைத்து மெதுவாக. அதைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. “மெதுவாப் படிக்கிறவங்கதான் முழுசாப் படிப்பாங்க” என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்தாள். கீழே அப்பா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் படியேறி வந்தது.

“இத்தனை நாள் வாடகை வீட்டுக்காரன்னு நம்மள யாரும் மதிக்கல. இனிமே சொந்த வீடு இருக்கிற இடமா, நமக்குச் சமமான இடமாப் பாத்துதான் பொண்ணக் கொடுக்கணும்.”

அவன் கையிலிருந்த கரண்டி நின்றது. யார்மேலும் கோபம் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. தகரக் கொட்டகை மட்டும் ஒருமுறை கண்முன் வந்துபோனது.

மிச்சம் ஒரே ஒரு கல். ஜன்னலோரம், மூன்று மணி வெயில் விழுகிற இடம். நாலு மூலையில் மட்டும் கலவை வைத்து, நடுவைக் காலியாக விட்டு, ஒட்டினான். தட்டிப் பார்த்தான். டொக். அப்படியே எழுந்து கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஆறு பத்து பஸ் வரும் நேரத்தில் அவன் பதினெட்டின் வாசலில் இருப்பதில்லை. கேட்டவர்களிடம் கடைசி வரிசையில் வேலை என்றான். குடை வந்து ஒரு நொடி நின்று போகும். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டான்.

*

மாதக் கடைசியில் வேலை முடிந்தது. சனிக்கிழமை வண்டி வரும், எல்லோரும் வேறு ஊர் வேலைக்குப் போக வேண்டும். அதற்கு முன் குடிவந்தவர்களிடம் கட்டுமான நிறுவனம் குறைகளை எழுதி வாங்கியது. சூப்பர்வைசர் தாள்களைக் கொண்டுவந்து போட்டதும், மேஸ்திரியின் கை பதினேழைத்தான் தேடியது.

அவள் கையெழுத்து. விரல் வைத்துப் படித்தான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாசல் கதவு உரசுகிறது. ஜன்னல் கொக்கி மாட்டவில்லை... பதினோரு குறை. தரையைப் பற்றி ஒன்றும் இல்லை. மறுபடி படித்தான். மூன்றாவது தடவையும் இல்லை.

அவளுக்குத் தெரியவே இல்லை போல. என்றைக்காவது தட்டுப்படும், கூப்பிடுவாள், ஒருமுறை போகலாம் என்று நினைத்தது எவ்வளவு கிறுக்குத்தனம்... வாழ்க்கையில் முதல்முறையாக வேலையில் ஒரு பொய்யை வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் சுருக்கென்றது. வண்டி ஏறினால் அது அங்கேயே கிடக்கும். என்றைக்காவது கனமான பொருள் விழுந்து உடையும். ரசமட்டம் போட்ட தரை என்று யாரோ சிரிப்பார்கள்.

சனிக்கிழமை மதியம் பையைத் தூக்கிக்கொண்டு பதினேழின் மணியை அடித்தான். அப்பாதான் திறந்தார். பின்னாலேயே அவள்... அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை.

“குழாய்க்காரன் வருவான்னுதானே சொன்னாங்க. நீ எதுக்கு வந்த தம்பி?”

“மாடி ரூம்ல ஒரு கல்லு சரியில்லைங்க ஐயா.”

“குடைக் காம்பால வீடு பூரா தட்டிப் பாத்தவன் நான். எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

“ஜன்னல் ஓரத்துல ஒண்ணு.”

மூவரும் ஏறினார்கள். ஜன்னலோரம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருந்தது. மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பா மூச்சைப் பிடித்து அதைத் தள்ளினார். வெளுத்த மூன்று மணி வெயில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. கையிலிருந்த குடையின் காம்பால் தட்டினார்.

டொக்.

“பெட்டி எதுக்கு இங்க வந்துச்சு?” என்று மகளைக் கேட்டார். “உனக்கு இது தெரியுமா?”

“இந்த ரூமுக்கு வந்த அன்னைக்கே தெரியும்ப்பா.”

“அப்புறம் ஏன் லிஸ்ட்ல எழுதல?”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி ஓரடி முன்னே வந்தான். பேசாமல் இருந்தால் பழி அவள்மேல் நிற்கும்.

“அவங்கள எதுவும் சொல்லாதீங்க ஐயா. கை தவறி வந்ததில்ல இது. நான் வேணும்னேதான் விட்டேன்.” குனிந்து அந்தக் கல்லின்மேல் கை வைத்தான். “வேலை முடிஞ்சா போயிடணும். முடியாம இருந்துச்சுன்னா... ஒருநாள் கூப்பிடுவாங்கன்னு.”

அறையில் வெயில் மட்டும் அசைந்தது. அவள் திரும்பினாள். அதே கண்கள், வெளியே மழை இல்லாமலே ஈரம்.

“கூப்பிட்டா ஒரு தடவதான வருவீங்க” என்றாள் மெதுவாக. “எழுதிக் கொடுத்தா அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டுப் போயிடுவீங்க. அது அப்படியே இருக்கட்டும், இருக்கிற வரைக்கும் நீங்க வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு... தினமும் ராத்திரி பெட்டிய நகத்தி, ஒருதரம் தட்டிப் பாத்துட்டுத்தான் படுப்பேன்.”

அப்பா போய் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். தனக்கே சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

“ஒன்பது வீட்டுல குடியிருந்தேன். கூரை ஒழுகியிருக்கு, சுவர் வெடிச்சிருக்கு. ஒருத்தனாவது வந்து, நான் சரியாச் செய்யலன்னு சொன்னதில்ல.”

கீழே தெருவில் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஒரு தடவை. அப்புறம் நீளமாக இன்னொரு தடவை.

“கல்ல எடுத்து ஒட்டுறதுக்கு எவ்வளவு நேரமாகும்?” என்றார்.

“அரை மணி நேரம் ஐயா. ஆனா நாளைக்கு வரைக்கும் மிதிக்கக் கூடாது.”

“நாளைக்கு யாரு தட்டிப் பாப்பா?”

மேஸ்திரி அவளைப் பார்த்தான். அவள் அவன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, ஒரு முனையைத் தான் பிடித்தபடி, மறுமுனையை அவனிடம் நீட்டினாள்.

அப்பா கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். “வண்டிக்காரன்கிட்ட நான் போய்ச் சொல்றேன், போகச் சொல்லி” என்று இறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

“நாளைக்கு வரும்போது பையக் கொண்டு வராதீங்க தம்பி. சும்மா வாங்க. செருப்ப வாசல்ல விட்டுட்டு, வீட்ட ஒரு தடவ நடந்து பாருங்க.”