மூன்றாவது இழுப்பு

தூண்டில் தக்கை நீரோட்டத்துக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

ஆகாஷ் முதலில் பழியைப் பனியின் மேல் போட்டான். விடிந்தும் விடியாத தை மாதக் காலை. கமண்டல நாக நதியின் மேல் பனி ஈரத் துணிபோல இறங்கிக் கிடந்ததில் எதிர்க்கரை நாணல் மறைந்திருந்தது. இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்த மச்சான் தென்னரசு பீடி நெருப்பாக மட்டும் தெரிந்தான். கண் ஏமாற்றலாம்தான். ஆனால் மிதந்து வந்த வாழைச் சருகு ஒன்று கிழக்கே போக, அதை உரசிக்கொண்டு தக்கை மேற்கே போனது. அவசரமே இல்லாமல், பழகின தெருவில் நடக்கிற ஆள் மாதிரி.

"இன்னா மாமா, முழிச்சிகினு கீற? தட்டுதா?"

"தட்டலடா. சும்மா மேல போய்கினு கீது."

"போனா போவட்டும், பேஜார் பண்ணாத. ஒண்ணு தட்டும், ரெண்டு தட்டும். அதுல சுண்டினன்னா மீனு போச்சு. மூணாவதா உள்ள இழுக்கும் பாரு, அப்ப சுண்டு."

தறியில் உட்கார்ந்தால் நாள் முழுக்க வாய் திறக்காத தென்னரசு, தூண்டிலைப் பிடித்துவிட்டால் நிறுத்த மாட்டான். பனிக்காலத்து விரால் மடுவின் அடியில் சோம்பிக் கிடக்கும், துரத்தி வந்து கவ்வாது, இரைதான் அதன் மூக்கடியில் போய்ப் படுக்கவேண்டும், வாசம் அதை எழுப்பவேண்டும் என்பான். கால் விறைக்க உட்கார்ந்து, தூண்டில் நரம்பு விரலில் லேசாகத் துடிக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் வருஷம் முழுக்க நெய்கிறேன் என்பான்.

வாசம் என்று அவன் சொன்னது, பட்டுக்கூட்டை அவித்து நூல் எடுத்தபின் மிஞ்சுகிற புழு. அதை மூன்று நாள் ஊறவிட்டு, மில் தவிட்டோடு பிசைந்து டப்பாவில் வைத்திருந்தான். மூடியைத் திறந்தால் செத்த எலியும் சிக்குப்பிடித்த எண்ணெயும் சேர்ந்த நாற்றம் பல்லில் வந்து ஒட்டியது. விரலால் எடுத்தால் பழுப்புத் தோல் வெடித்து, உள்ளே இருந்தது நகக்கண்ணில் இறங்கியது. இதை முள்ளில் கோத்து, வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, மூன்று தடவை எச்சில் துப்பவேண்டும்.

"போடறவன் எச்சிதான் மாமா. யாரு எச்சியோ அவுங்களத் தேடிகினுதான் அது வரும்."

இரண்டு நாளாக ஆகாஷால் முடியவில்லை. வாய் அருகே கொண்டுபோனதுமே நாக்கு காய்ந்துவிட்டது. இரண்டு நாளும் ஒரு மீன்கூடப் படவில்லை.

படாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது. மனைவி சரண்யாவுக்கு ஐந்தாம் மாதம். தின்பதெல்லாம் கால்மணியில் வெளியே வந்துவிடுகிறது. குழந்தைக்கு எடை ஏறவில்லை, அடுத்த வாரமும் இப்படியே என்றால் பயம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "ஆத்து விராலு கொழம்பு இருந்தா ரெண்டு வாய் துன்னுவேங்க," என்று அவளே வாய் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். திங்கட்கிழமை அவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குத் திரும்பியாக வேண்டும்.

அதனால் இன்று சட்டைப்பையில் ஒரு மருந்து பாட்டில் கொண்டுவந்திருந்தான். மசக்கையில் சரண்யாவுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறும். ராத்திரி பகலாக ஒரு எவர்சில்வர் டம்ளரில் துப்பிக்கொண்டே இருப்பாள். அதிலிருந்துதான் ஊற்றி வந்தான். மீன் அவளுக்குத்தானே. தென்னரசு பார்க்காத நேரத்தில் இரையின் மேல் மூன்று சொட்டு விட்டான். மூன்றாவது சொட்டு அறுந்து விழாமல் வழுவழுவென்று நீண்டு தொங்கியது.

அதற்கப்புறம்தான் தக்கை நடக்க ஆரம்பித்தது.

இப்போது நின்றது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு உள்ளே.

சுண்டினான்.

முழங்கை நீள விரால். முறுக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. வாயைத் திறந்தபடி, அவனையே பார்த்தபடி, கூப்பிட்டதும் வருவதுபோல் வந்தது. மணலில் போட்டும் துடிக்கவில்லை. அதன் வாயோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை கிளம்பித் தண்ணீருக்குள் போனது. இழுத்துப் பார்த்தான். மறுமுனை எதிலோ இறுகியிருந்தது. பிளேடால் அறுத்தான்.

"யம்மாடி, எத்தினி பெருசு! அக்கா குடுத்து வெச்சவ," என்று ஓடி வந்தான் தென்னரசு. "மூணு வாட்டி துப்பினியா?"

"ஆமாண்டா."

வீட்டுப் பின்கட்டில் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்தான். வழுவழுப்பு போகவில்லை. தேய்க்கத் தேய்க்க ஊறியது. வயிற்றைக் கீறினான். குடல் இல்லை. பித்தப்பை இல்லை. ஈரமான வெள்ளை நூல், சிட்டம் சிட்டமாகச் சுற்றி, அடைத்து வைத்ததுபோல். அவித்த புழுவின் நாற்றம் குப்பென்று எழுந்தது.

தூக்கி எறிந்துவிடலாம் என்று எழுந்தான். உள்ளே சரண்யா ஓங்கரிப்பது கேட்டது. வர ஒன்றுமில்லாத வெறும் ஓங்கரிப்பு.

உட்கார்ந்தான். நூலை வழித்துச் சாக்கடையில் போட்டான். கறியை ஐந்து தண்ணீர் கழுவினான்.

அவள் தின்றாள். முதலில் ஒரு வாய், பயந்து பயந்து. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆகாஷ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கால்மணி. அரைமணி. ஒன்றும் வெளியே வரவில்லை. மீன் தலையைக்கூட உறிஞ்சிவிட்டு விரலை நக்கினாள். வாரக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

"இன்னாங்க அப்டி பாக்கறீங்க? உங்க புள்ளதான் கேக்குது. இன்னும் கீதா?"

சட்டியை வழித்துப் போட்டான். அன்று மதியம் நன்றாகத் தூங்கினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுப்பினாள்.

"ஏங்க. தொண்டையில முள்ளு கீது."

போன் வெளிச்சத்தை அடித்து வாயைத் திறக்கச் சொன்னான். புழு நாற்றம். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். முள் இல்லை. அடிநாக்கில், எச்சில் குளத்தின் நடுவில், ஒரு வெள்ளை இழையின் நுனி ஒட்டியிருந்தது.

இரண்டு விரலால் பிடித்து இழுத்தான்.

வந்தது. ஒரு சாண். ஒரு முழம். வெதுவெதுப்பாக. வழுவழுப்பாக. உள்ளங்கையில் சுற்றிக்கொண்டான். இன்னும் வந்தது. அவள் குமட்டவில்லை. எச்சில் மட்டும் மோவாயில் வழிந்து அவன் மணிக்கட்டில் இறங்கியது.

பிறகு நின்றது.

இறுகியது.

நூல் துடித்தது. லேசாக. ஒரு தட்டு.

புடவைக்கு அடியில் அவள் வயிறு அசைந்தது.

இன்னொரு தட்டு.

விட்டுவிடு என்று கைக்குச் சொன்னான். நூல் விரல்களைச் சுற்றித் தோலுக்குள் பதிந்திருந்தது. "சரண்யா," என்றான்.

மூன்றாவதாக, உள்ளே இழுத்தது.

அவன் விரல்கள் அவள் பல்லைத் தாண்டின. கணு தாண்டியது. அவள் வாய் திறந்தே இருந்தது. துடிக்காமல். அவனையே பார்த்தபடி.