தூளிக் கயிறு

காற்றே இல்லை. ஆனாலும் தூளி நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆடவில்லை, நடுங்கியது. உத்தரத்தில் சேலை உரசும் அந்தச் சன்னமான கிறீச்சொலி, அடைமழையில் ஊறிய சுவரின் வாசனையோடும் புளித்த பாலின் வாடையோடும் கலந்து, ஒரகடம் ரோட்டோரத்து ஒற்றை அறை வீட்டை விடிந்ததிலிருந்து நிறைத்திருந்தது. தூங்கி எத்தனை நாளாயிற்றென்று சகாயமேரிக்கே தெரியவில்லை. கண்ணை மூடினால் குழந்தை மூச்சை நிறுத்திவிடும் என்று பயம்.

விழித்திருக்க வழி தெரியும். அவள் புருஷன் யேசுராஜ் லாரி டிரைவர். பெங்களூர் ரோட்டில் கண்ணசராமலிருக்க அவன் போட்டுக்கொள்ளும் மாத்திரை அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. ரைஸ்மில்லுக்கு ராத்திரி நெல் அவிக்கப் போன காலத்தில் அவளும் அதற்குப் பழகிப்போனாள். முதல் பிள்ளை ஏழாம் மாதமே செத்துப் பிறந்தது. அதற்கென்று எடுத்துவைத்த பச்சைச் சேலைதான் இப்போது தூளி.

மத்தியானம் ஆஸ்பத்திரி ஆயா கனகம் வந்தாள். குழந்தையைத் தொட்டதும் அவள் முகம் மாறியது.

"இன்னாடி மேரி, எலிக்குஞ்சு மாரி கீது. கையி காலு இப்டி ஒதறுது. வகுத்துல இருக்கசொல்லவும் அத்த முழுங்கினியா?"

மேரியின் பார்வை அரிசிப் பானைக்குப் போய்த் திரும்பியது.

"இப்பவும் முழுங்கற. பாலு வழியா புள்ளைக்கும் போவுதுடி. ஒனக்குத் தூக்கம் போச்சு, அதுக்கு உசுரே போவும். பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம், வண்டி கொண்டாரேன். புள்ளய மடியிலயே வச்சிரு." வாசலில் திரும்பினாள். "வெத்துத் தூளிய ஆட்டிகினு இருக்காத. வேற எதுனா வந்து பட்த்துக்கும்."

பொழுது சாய்ந்தது. வண்டி வரவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தோலுக்கடியில் எறும்புகள் ஊர்ந்தன. ரோட்டில் ஒரு லாரி வேகம் குறைத்து, நிற்காமல் போயிற்று. கிறீச். கிறீச். பழகிய சத்தம், அந்தத் தாளத்துக்கே குழந்தையைத் தட்டினாள். மெல்ல மெல்ல அதன் நடுக்கம் அடங்கியது. தூங்கிவிட்டது, மாதாவே.

கிறீச்.

குழந்தை மடியில். அப்படியானால்?

குனிந்தாள். தூளிக் கயிறு அவள் கால் கட்டைவிரலில். வேலை செய்துகொண்டே ஆட்டக் கட்டியது, அவிழ்க்க மறந்தது. மாத்திரை ஏறிய கால் தன்பாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

பிடுங்கி எறிந்தாள். கால் நின்றது.

தூளி நிற்கவில்லை.

ஆடவில்லை. நடுங்கியது.

மடியிலிருந்த குழந்தையிடம் அசைவே இல்லை. பச்சைச் சேலையின் அடியில் பாரம் இறங்கியிருந்தது. துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் உதறி, உதறி, மிதித்தது.

அவள் மார்பில் பால் சுரந்தது.