பின் சீட், இடப்பக்கம்

காருக்குள் யாரும் இல்லை. சாவியைப் பாதி திருப்பி வைத்துவிட்டு, நான்கு கதவையும் சாத்திவிட்டு வந்தவனே அவன்தான். அப்படியிருக்க, வீட்டுக் கணினியின் திரையில் மட்டும் ஒரு வரி: பின் சீட், இடப்பக்கம், ஆள் உண்டு.

"மண்ணாங்கட்டி," என்று முணுமுணுத்தான். காலையிலிருந்து இந்தச் சனியன் பிடித்த கேபிளோடு மல்லுக்கட்டு. சொருகினால் கணினி கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டால் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. அதற்காக ஆன்டிவைரஸையும் நிறுத்தியாயிற்று. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிய கேபிள், கார் கண்ணாடி இடுக்கில் வெளியே வந்து, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, கூடத்து மேசையில் முடிந்தது. காரை வாங்கிய அன்று உள்ளே அடித்த புளித்த பால் வாடை இப்போதும் லேசாக ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அடிபட்ட வண்டி இல்லன்னு எழுத்துல காட்டுங்க. அப்புறம்தான் பாப்பா அதுல ஏறுவா. உங்க வாய்ப்பேச்சை நம்பி நான் பட்டதெல்லாம் போதும்."

"வருது, வருது. சும்மா நச்சரிக்காதே."

அடிபட்ட வண்டிதான். அவனுக்குத் தெரியும். விற்றவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: பின் சீட்டில் ஒரு குழந்தை, பெல்ட் போட்டிருந்தது, பிழைக்கவில்லை. அந்த விபத்து, காரின் ஏர்பேக்கை இயக்கும் கணினிப் பெட்டிக்குள் பதிவாகிக் கிடக்கிறது. துடைத்துவிட்டால் இவளுக்குச் சுத்தமான ரிப்போர்ட். யாருக்குத் தெரியப்போகிறது?

பக்கத்து அறையில் மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கிரேயான் காகிதத்தில் உரசுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

'அழி' என்பதை அழுத்தினான். சாஃப்ட்வேர் கேட்டது: அழிக்கும் முன், உள்ளே இருப்பதை இந்தக் கணினியில் எடுத்து வைக்கவா? இந்த மாதிரிக் கேள்வியை யாரும் படிப்பதே இல்லை. கை தானாக 'ஆம்' மேல் போய்விடும். அவன் கையும் போனது. பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும், வெளியே கார்க் கதவு ஒன்று திறந்து மூடியது.

எட்டிப் பார்த்தான். போர்டிகோவில் ஈ காக்காய் இல்லை. ஆனால் கேபிள் ஜன்னல் கம்பியை உரசி ஆடிக்கொண்டிருந்தது, யாரோ அதைப் பிடித்துக்கொண்டே நடந்து வருவதுபோல.

திரையில் வரி மாறியது. பின் சீட், இடப்பக்கம், ஆள் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. மறு நொடி, பால் வாடை குப்பென்று அடித்தது. காரிலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னாலிருந்து.

கேபிளைப் பிடுங்கி எறிந்தான். திரை அணையவில்லை. புதிதாக ஒரு வரி: பக்கத்து அறை, ஆள் உண்டு. பெல்ட் போட்டாயிற்று.

கிரேயான் சத்தம் நின்றிருந்தது.

"பாப்பா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"பாப்பா!"

"அப்பா..." குரல் நசுங்கி வந்தது. "பெல்ட்டு இறுக்குதுப்பா."

ஓடினான். மகள் சுவரோடு ஒட்டி, நிமிர்ந்து, காரில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் எதுவுமே இல்லை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே, ஒரு பட்டை அகலத்துக்கு, கவுன் மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது.

"என்னங்க, ரிப்போர்ட் வந்துச்சா இல்லையா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அந்தப் பள்ளத்துக்குள் விரல்களை விட்டு இழுத்தான். எதுவும் சிக்கவில்லை. மறுபடி இழுத்தான். மகளின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கவுன் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது.