ட்ரிப் ஆகாத பெட்டி

காலை 7.50. தையல்காரர் குளியலறை வாசலில் மல்லாந்து கிடந்தார். ஓடும் வாஷிங் மிஷினில் ஈரக் கையை வைத்த வேகத்தில் மின்சாரம் அவரைத் தூக்கி எறிந்திருந்தது. கண்ணைத் திறந்ததும் கேட்டார்:

"நான் இருக்கேனா?"

"இருக்கீங்க, இருக்கீங்க," என்று மனைவி அழுதாள்.

"அப்போ ஒரு காபி போடு."

டாக்டர் வந்தார். உள்ளங்கையில் கட்டுப் போட்டார், இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது என்றார், போய்விட்டார். ஆபத்து இப்போது வேறொன்றுக்கு.

அது ஒரு பெட்டி. தையல்காரர் மனைவியின் தம்பி ஒரு வயர்மேன். தெருவே அவனை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடும். அவன் செய்தது அது: மின்சாரம் எங்காவது கசிந்தால், ஆளைக் கொல்லும் முன் வீட்டு இணைப்பைப் பட்டென்று துண்டித்துவிடும் பெட்டி. எத்தனை தடவை அப்படித் துண்டித்தது, அதாவது ட்ரிப் ஆனது, என்பதை அதுவே எண்ணிக் காட்டும். மூன்று வருட உழைப்பு. அக்கா வீட்டில் மெயின் ஸ்விட்சுக்கு அடுத்தாற்போல் மாட்டி, அங்கீகாரம் பெற ஒரு மாதச் சோதனை. இன்று கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார்.

தையல்காரருக்கு ஷாக் அடித்தபோது அந்தப் பெட்டி ட்ரிப் ஆகவே இல்லை.

9.40. மின்சார அலுவலகத்தில் கணக்கெடுக்கும் பெண் வந்தாள். அவளுக்கு வாய்த்த பெயர் மீட்டர். ஃபியூஸோடு ஒரே தொழிற்பயிற்சி வகுப்பில் படித்தவள். அவனைக் கண்டால் சிடுசிடுப்பாள். ஆனால் அவன் வேலை செய்யும் தெரு என்றால் கணக்கெடுக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவாள்.

சுவரில் இரண்டு மீட்டர்கள். தையல்காரரின் கீழ் வீட்டு எண்ணைக் குறித்தாள். மேல் வீட்டு எண்ணைப் பார்த்ததும் பேனா நின்றது. உள்ளே போனாள்.

ஃபியூஸ் தரையில் உட்கார்ந்திருந்தான். கழற்றிய பெட்டி மடியில். பக்கத்தில் ஒரு கடிதம்.

"என்ன அது?"

"பெட்டியை வாபஸ் வாங்குற லெட்டர். காப்பாத்த வேண்டிய நேரத்துல தூங்குற பெட்டியை எவன் வீட்டுல மாட்டுறது?"

"மிஷினை மறுபடி ஓட்டிப் பார்த்தியா?"

"அத்தை விட்டால்தானே!"

தையல்காரரின் அம்மா வாஷிங் மிஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். "இதை எவனாவது தொட்டா நான் வீட்டை விட்டே போயிடுவேன்."

"நிஜமாவா?" என்று ஆவலோடு கேட்டார் தையல்காரர்.

"வாயை மூடுடா."

மீட்டர் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். ட்ரிப் எண்ணிக்கை எட்டு.

"மாமா, நீங்கதான் இந்தப் பெட்டியைத் திட்டிக்கிட்டே இருப்பீங்களாமே?"

"பாதித் தையல்ல கரண்ட் போனா கொஞ்சவா சொல்றே? ஆனா ஒண்ணு, ஒன்பது நாளா ஒரு தடவைகூட நிக்கல. திருந்திடுச்சுன்னு நினைச்சேன்."

"இன்னிக்கு நீங்க ஏன் துணி போட்டீங்க?"

"அவளுக்கு முதுகு வலி. தினமும் அவளேதான் துவைப்பா, என்னைக் கிட்டவே விடமாட்டா. ஒருநாளாவது நாம செய்வோமேன்னு..." மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தை, நீங்க என்ன பார்த்தீங்க?"

"இவன் விழுந்தான். நான் ஓடிப்போய் மெயினை அணைச்சேன். ஃபேன் நின்னுச்சு, லைட் போச்சு. இந்தச் சனியன் மட்டும் நிக்காம என்னைப் பார்த்துச் சுத்துது! மருமக பின்பக்கம் ஓடினா. அப்புறம்தான் அடங்குச்சு."

"வேகத்துல ரெண்டு சுத்து சுத்தியிருக்கும் அத்தை," என்றான் ஃபியூஸ், சுரத்தில்லாமல்.

மீட்டர் பின்பக்கம் போனாள். குளியலறை ஜன்னல். அதற்கு நேர் மேலே மாடி வீட்டு ஜன்னல். மாடி வீட்டுக் கதவில் பூட்டு. திரும்பி வந்தவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

அக்காவின் கை தன்னையறியாமல் இடுப்பைத் தொட்டது.

11.10.

"ஃபியூஸு, எழுதினதைக் கிழி. பெட்டி தூங்கல. வாஷிங் மிஷின் அதோட காவல்லயே இல்ல."

"பிளக் நம்ம சாக்கெட்லதானே இருக்கு?"

"இப்போ இருக்கு. தண்ணியும் துணியுமா நிறைஞ்ச மிஷின், கரண்ட் போனா அங்கேயே நின்னுடும், கொஞ்ச நேரம்லாம் சுத்தாது. மெயினை அணைச்சும் ஓடுச்சுன்னா வேற எங்கிருந்தோ கரண்ட் வந்திருக்கு. மேல் வீட்டுக்காரங்க பதினோரு நாள் முன்னாடி எல்லாத்தையும் அணைச்சு, என்னைக் கூப்பிட்டுக் கணக்கு எழுதச் சொல்லிட்டு வெளியூர் போனாங்க. பூட்டின வீடு இப்போ நாலு யூனிட் எரிச்சிருக்கு." மீட்டர் அக்காவின் பக்கம் திரும்பினாள். "மாடி ஜன்னல் வழியா இறக்கின நீட்டு வயர் எங்கே அக்கா?"

அக்கா எழுந்துபோய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு வயர்ச் சுருளைக் கொண்டுவந்து வைத்தாள். கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி இல்லாத, இரண்டே கம்பி வயர்.

"ஏன்க்கா?" என்றான் ஃபியூஸ்.

"காரணமில்லாம பத்துத் தடவைக்கு மேல ட்ரிப் ஆனா தள்ளிடுவாங்கன்னு நீதானே சொன்னே? நான் துணி துவைக்கும்போதெல்லாம் அது ட்ரிப் ஆச்சு. எட்டு ஆயிடுச்சு. உன் உழைப்பு என் அழுக்குத் துணியாலயா போகணும்? ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு நானே ஓட்டிடலாம்னு நினைச்சேன். அவர் கையை வைப்பாருன்னு..." முகத்தை மூடிக்கொண்டாள்.

"காரணமில்லாம இல்ல அக்கா," என்றாள் மீட்டர். "உங்க மிஷின்ல கசிவு இருக்கு. எட்டுத் தடவையும் அது உங்களைத்தான் காப்பாத்தியிருக்கு."

தையல்காரர் கட்டுப்போட்ட கையால் மனைவியின் கண்ணைத் துடைத்தார். "என்னைக் கொல்லப் பார்த்ததுக்காவது ஒரு நல்ல காரணம் வச்சிருந்தியே."

11.35. பெட்டியை மறுபடி மாட்டினார்கள். அத்தை முணுமுணுத்தபடி நாற்காலியை நகர்த்தினாள். ஃபியூஸ் ஒரு மரக்குச்சியால் மிஷினின் ஸ்விட்சைத் தள்ளினான். தண்ணீர் ஏறி, டிரம் ஒரு சுற்றுச் சுற்றியது. டப். வீடே இருண்டது. ஒன்பது.

தையல்காரர் கை தட்டினார். "ஆ!" என்று அலறினார்.

"அதிகாரிகிட்ட வயர் விஷயம் வேண்டாம்," என்றான் ஃபியூஸ் அவசரமாக. "சோதனையில கை வச்சவங்கன்னு அக்கா பேரை எழுதிடுவாங்க. பெட்டி தோத்ததாவே இருக்கட்டும், நான் அடுத்த வருஷம் முதல்லேர்ந்து பார்த்துக்கறேன்."

"லூசு," என்றாள் மீட்டர். ஆனால் அதற்கு மேல் வாதாடவில்லை. அவன் அப்படித்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்காக ஒரு மணி நேரம் முன்னதாக வருவதும் அதனால்தான்.

12.00. கதவு தட்டப்பட்டது. ஃபியூஸ் எழுவதற்குள் அக்கா போய்த் திறந்துவிட்டாள்.

"வாங்க சார். பெட்டி மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு பண்ணினவ நான். முதல்ல அதை எழுதிக்கோங்க, அப்புறம் உள்ளே வாங்க."

ஒற்றைச் செருப்பைக் கழற்றியிருந்த அதிகாரி, அப்படியே நின்றபடி பேனாவை எடுத்தார்.