உயரம் காட்டாத முள்

கிளென் வேவர்லி புறநகரில் இருந்த வேதவல்லியின் வீட்டுக்குள் பாஸ்கர் கத்திக்கொண்டேதான் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டதற்குப் பதிலும் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்ற வேதவல்லிக்குக் கத்துகிறவர்கள் புதிதல்ல. அவருக்குத் துணையாகத் துப்புத் துலக்க அலையும் நர்ஸ் கலாவுக்குத்தான் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைக் கொல்லப் பார்த்தான் மேடம்," என்றார் பாஸ்கர். "கூடவே இருந்து குழி பறிச்சுட்டான் அந்தக் கேதீஸ்வரன்."

விஷயம் இதுதான். பாஸ்கர் சில வருடங்களுக்கு முன் பெட்டி பெட்டியாக ஒரு விமானம் வாங்கினார். இறக்கை, வால், ரிவெட் ஆணி எல்லாம் தனித்தனியாக வரும். வாங்கியவர்தான் பூட்ட வேண்டும். சனி ஞாயிறு தவறாமல் உடன் நின்று பூட்டியவர் கேதீஸ்வரன். இலங்கையிலிருந்து படகில் அகதியாக வந்தவர். டண்டினொங் பட்டறை ஒன்றில் தகட்டு வேலை. இத்தனை வருடமாகியும் தற்காலிக விசாதான்.

போன சனிக்கிழமை, வெரிபீக்கு அப்பால் ஒரு சிறிய திடலில் முதல் பறப்பு. பாஸ்கர் தனியாக ஏறினார். மேலே போகப் போக வேகம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. வேகம் செத்து விழுந்துவிடுவோம் என்று பயந்து மூக்கைத் தாழ்த்தியவர், தலைதெறிக்கும் வேகத்தில் வந்து தரையில் மோதினார். முன்சக்கரம் ஒடிந்தது, புரொப்பெல்லர் வளைந்தது, ஏதோ புண்ணியத்தில் தலை தப்பியது.

கேதீஸ்வரனை ஏன் சந்தேகிக்கிறீர்கள் என்று வேதவல்லி கேட்டார். முதல் பறப்பில் தன்னை ஏற்றிக்கொள்ளவில்லை என்று அவனுக்கு மனத்தாங்கல் என்றார் பாஸ்கர். "கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கையில துணியோட விமானத்தோட பக்கத்துல குனிஞ்சு ஏதோ பண்ணிட்டிருந்தான். நான் சத்தம் போட்டதும் விலகிட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?" திங்கட்கிழமை போலீசில் புகார் கொடுக்கப் போகிறார். அதோடு இணைக்க வேதவல்லியின் அறிக்கை வேண்டும்.

"பொலிசுக்குப் போனா அந்த மனுசன்ர விசா அவ்வளவுதான்," என்றாள் கலா. "பிறகு பிழையில்லை எண்டு தெரிஞ்சாலும் ஆர் கேக்கப் போயினம்?"

அது தன் பிரச்சினை இல்லை என்றார் பாஸ்கர். கலா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வேதவல்லி இரண்டே கேள்விகள் கேட்டார். தரையில் ஓடும்போது வேகமுள் சரியாக இருந்ததா? சரியாகத்தான் இருந்தது என்றார் பாஸ்கர். உயரம் காட்டும் முள்? பாஸ்கர் யோசித்தார். அது அசையவே இல்லையாம்.

பிறகு அன்று எடுத்த படங்களைக் கேட்டார் வேதவல்லி. பாஸ்கர் நவரத்தின மோதிரம் போட்ட கையால் போனை நீட்டினார். காலையில் பூசை போட்டிருந்தார்கள். மூக்கில் மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், அங்கங்கே சந்தனம், குங்குமம். ஒரு படத்தை மட்டும் வேதவல்லி பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் திடலின் கொட்டகையில் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். கேதீஸ்வரன் வேலை உடுப்போடு வந்து, உடைந்த விமானத்தின் அருகில் தலை குனிந்து நின்றார். பாஸ்கர் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

வேகமுள்ளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயை யாராவது வெட்டியிருக்கலாம் என்று கலா ஆர்வமாகத் தேடினாள். வேதவல்லி தலையசைத்து மறுத்தார். "வெட்டியிருந்தா வேகமுள் தரையிலேயே படுத்திருக்கும். இங்கே தரையில எல்லாம் சரி. ஏறின பிறகுதான் உயரமுள் அசையலை, வேகமுள் குறைச்சுக் காட்டியிருக்கு. ரெண்டு முள்ளும் வெளிக்காத்தோட அழுத்தத்தை வச்சுத்தான் கணக்குக் காட்டுது. அது உள்ளே போற வழி அடைஞ்சா மட்டும்தான் இப்படி ஆகும். இந்த விமானத்துக்கு அந்த வழி ஒண்ணே ஒண்ணுதான்."

விமானத்தின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவில் பளபளப்பான ஒரு வட்டம் இருந்தது. அதன் நடுவில் குண்டூசி நுழையும் துளை. கலா டார்ச் அடித்துக் குனிந்தாள். கொட்டகைக்குள் கொண்டுவருவதற்கு முன் பெய்த மழை வெளிப்புறத்தைக் கழுவியிருந்தது. துளைக்குள் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது, மேலே சிவப்பு.

"சந்தனம், அன்ரி," என்றாள் கலா.

வேதவல்லி போனில் இருந்த படத்தைக் காட்டினார். வட்டத்தின் மேல் அச்சாகப் பொருந்தியிருந்தது ஒரு பொட்டு. யார் வைத்தது என்று கேட்டார். பொட்டை வைத்துக்கொண்டிருந்த கை படத்திலேயே இருந்தது. அதில் பாஸ்கரின் நவரத்தின மோதிரமும் இருந்தது.

ஏறுவதற்கு முன் சுற்றி வந்து எல்லாத் துளைகளையும் பார்க்க வேண்டுமே, பார்த்தீர்களா என்றார் வேதவல்லி. ராகு காலம் வந்துவிடும் என்று அவசரமாகக் கிளம்பியதாகப் பாஸ்கர் முனகினார்.

வேதவல்லி கேதீஸ்வரனிடம் திரும்பி, அன்று துணியோடு என்ன செய்தார் என்று கேட்டார்.

"எஞ்சின் போட முன்னம் நான் எப்பவும் முழுக்கத் துடைக்கிறனான்," என்றார் கேதீஸ்வரன். "சாமிப் பொட்டை அழிக்காதே எண்டு அண்ணை கத்தினவர். நான் விட்டிட்டன்."

வேதவல்லிக்கு இப்போது கோபம் மறைக்க முடியாமல் வந்தது. "அடைக்க வந்தவன் துணியோட வரமாட்டான் பாஸ்கர். அன்னைக்கு உங்க உயிரைக் காப்பாத்தியிருக்கக்கூடிய கை அது ஒண்ணுதான். அதை விரட்டினது நீங்க. அந்தக் கையையே போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்க என்கிட்ட வந்தீங்க."

தெரியாமல் நடந்துவிட்டது, புகாரெல்லாம் இனி இல்லை என்றார் பாஸ்கர். தானே பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டதைப் போல, "சனிக்கிழமை வந்துடு. முன்சக்கரத்தை மாத்திடலாம்," என்று கேதீஸ்வரனின் தோளைத் தொட வந்தார்.

கேதீஸ்வரன் விலகிக்கொண்டார். "இந்த ரிவெட்டுகளை நீங்கள் ஒரு பக்கம் அடிக்க, நான் மற்றப் பக்கம் தாங்கிப் பிடிச்சனான். நான் உங்களைக் கொல்லுவன் எண்டு நினைக்க உங்களுக்கு ஒரு நிமிசம்கூடத் தேவைப்படேல்லை, என்ன?"

கேதீஸ்வரன் மூலையில் கிடந்த தன் ட்ரில்லை எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்த பழைய துணியை எடுத்து வளைந்த புரொப்பெல்லரில் தொங்கவிட்டார்.

"இனி நீங்களே துடையுங்கோ," என்றார்.